பாறை மேல் நின்ற ரிப்பீட்டர்

போன வாரம் ஒருவர் போன் செய்தார். கிரிவலப் பாதையில் தண்ணீர்ப் பந்தல், முதலுதவி எல்லாம் செய்கிற ஏதோ ஒரு தொண்டர் குழுவாம். "மேடம், நீங்க அந்தக் காலத்துலயே தீபத்துக்கு வயர்லெஸ் போட்டீங்கன்னு சொன்னாங்க. இப்போ கம்மி விலையில ரிப்பீட்டர் வருது. வாங்கலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

"வாங்குறதுக்கு முன்னாடி, அது யாரோட எடத்துல போய் நிக்கப் போவுதுன்னு பாருங்க" என்றேன்.

மனுஷர் பாவம், குழம்பிவிட்டார். நான் ஏதோ ஆன்டெனா கட்டுகிற இடத்தைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "மொட்டை மாடியிலதான் மேடம்" என்றார். சரி, சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஆறவில்லை. கேட்டவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் போனில் எப்படிச் சொல்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஊரில் பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் செட் போட வந்த பாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தேரடி வீதியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். நவாப் காலத்திலிருந்தே அவர்கள் குடும்பத்துக்கு இந்த ஊர்தான். கோயில் உற்சவம், கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் அவருடையதுதான். அவர் கடையில் ஒரு பழைய ஷார்ட்வேவ் ரேடியோ இருந்தது. ஒரு நாள் அதில் இரண்டு பேர் தமிழில் சாம்பார் வெங்காயம் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். "டீச்சரம்மா, இவங்க யாரு? ஸ்டேஷன் பேரே சொல்ல மாட்டேங்கிறாங்க. பாட்டும் போட மாட்டேங்கிறாங்க" என்று பள்ளிக்கூட வாசலிலேயே வந்து நின்றார்.

விசாரித்ததில் அமெச்சூர் ரேடியோ என்று தெரிந்தது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்து பேசலாம். அவ்வளவுதான், பாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்கும்தான். பள்ளி முடிந்ததும் அவர் கடையில் உட்கார்ந்து 'டா டிட்' என்று தந்திக் குறிகளைத் தட்டிக்கொண்டிருப்போம். ஊர் என்னைப் பற்றி என்ன பேசியது என்று இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது? பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாதென்று துணைக்கு அண்ணனைக் கூட்டிப் போனேன். கடைசியில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் லைசென்ஸ் வாங்கியது அண்ணன்தான்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயசு பெரியவன். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் அவனும் நானும்தான். அவனுக்குத் திக்குவாய். லேசாகத் தடுக்கிப் போகிற திக்கல் இல்லை. ஒரு சொல் வருவதற்கு முன்னால் தாடை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை மூடிக்கொள்வான். கேட்கிறவர்கள் பொறுக்க முடியாமல் ஏதாவது ஒரு சொல்லை அவர்களாகவே எடுத்துக் கொடுப்பார்கள். அது தப்பான சொல்லாக இருந்தாலும், வம்பு வேண்டாம் என்று அண்ணன் தலையாட்டிவிடுவான். காப்பி கேட்கப் போய் டீ குடித்துவிட்டு வருவான்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் எடை பார்க்கிற வேலை அவனுக்கு. தினமும் பஸ்ஸில் போக வேண்டும். அந்த ஊர்ப் பேரின் முதல் எழுத்து அவனுக்கு எழும்பாது. கண்டக்டர் விரலில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்பார், முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அண்ணன் 'செஞ்சி' என்று சொல்லி டிக்கெட் வாங்கிக்கொண்டு, வழியிலேயே கீழ்பென்னாத்தூரில் இறங்கிவிடுவான். பல வருஷம் அப்படித்தான் போய் வந்திருக்கிறான். எனக்கு இது தெரிந்த அன்று கண்டக்டரைத் திட்டினேனா, அண்ணனைத் திட்டினேனா என்று ஞாபகமில்லை. இரண்டு பேரையும் திட்டியிருப்பேன்.

ஆனால் ஒன்று. அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அவனுக்குத் திக்காது. சின்ன வயசில் வகுப்போடு சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது மணி மணியாகச் சொல்வான். தீபத்தன்று கூட்டத்தோடு கூட்டமாக 'அண்ணாமலையாருக்கு அரோகரா' போட்டால் அவன் குரல்தான் தனியாகக் கேட்கும். வாத்தியார் எழுப்பித் தனியாக ஒரு கேள்வி கேட்டால் போச்சு. இது ஏன் இப்படி என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் போய்க் கேட்டதில்லை.

லைசென்ஸ் கையில் வந்ததும் சும்மா இருக்க முடியுமா? எண்பதுகளின் தொடக்கத்தில் பாய் ஒரு யோசனை சொன்னார். தீபத் திருவிழாவில் தொலைந்து போகிறவர்களுக்கு நாம் ஏதாவது செய்யலாமே என்றார். நியாயமான யோசனைதான். தீபத்தன்று மலையைச் சுற்றி எத்தனை கிராமத்து ஜனம்! தேரடியில் அம்மா கையை விட்ட பிள்ளை, கூட்டத்தோடு நடந்து நடந்து மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் போய் நிற்கும். அம்மா இந்தப் பக்கம் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் மலை.

அந்த மலைதான் எங்களுக்கும் வில்லன். மெட்ராஸ் நண்பர்கள் இரவல் கொடுத்த கை வயர்லெஸ் செட்டுகள் நேர் பார்வையில்தான் பேசும். நடுவில் மலை வந்தால் அவ்வளவுதான். தேரடியில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அடி அண்ணாமலையில் ஒரு பொட்டுச் சத்தம் கேட்காது. இரண்டு பக்கமும் எட்டுகிற ஓர் இடத்தில் ரிப்பீட்டர் என்கிற பெட்டியை வைத்தால், இங்கே பேசியதை வாங்கி அங்கே திருப்பிச் சொல்லும். ஆனால் அதன் விலைக்கு என் ஒரு வருஷச் சம்பளம் போதாது. அதனால் பெட்டிக்குப் பதிலாக ஓர் ஆளை நிறுத்தினோம். செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு பக்கமும் கேட்கும். அங்கே நிற்கிறவர் ஒரு பக்கம் சொன்னதைக் கேட்டு மறு பக்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

முதல் வருஷம் பாறை மேல் பாய் நின்றார். தேரடியில் நான். அடி அண்ணாமலையில், தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். அவரும் லைசென்ஸ் வைத்திருந்தவர். தந்திக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பாய் தங்கமான மனுஷர், ஆனால் சொன்னதை மட்டும் சொல்ல அவருக்கு வராது. "பெரியவர் இங்க இருக்காரு" என்று தந்திக்காரர் சொன்னார். பாய் அதையே, "பெரியவர் அங்கதான் இருக்காராம். பாவம், வெயில்ல ரொம்ப வாடிப் போய்ட்டாராம். யா அல்லா, இந்த வயசுல இன்னா கஷ்டம்!" என்று எனக்குச் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்ட பெரியவரின் பெண் அந்த இடத்திலேயே மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள்.

அன்று சாயந்தரம் பாயைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். "உங்க அனுதாபத்தை யார் கேட்டா? சொன்னதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"வாய் சும்மா இருக்க மாட்டேங்குதும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

அப்போது ஒரு சட்டம் போட்டோம். பாறை மேல் நிற்கிறவர் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கக் கூடாது, விடவும் கூடாது. 'அம்மா சொல்றாங்க, பயப்படாதேன்னு' என்றெல்லாம் மாற்றக் கூடாது. அம்மா 'நான் இங்கதான்டி இருக்கேன்' என்று சொன்னால், பாறையில் நிற்பவரும் 'நான் இங்கதான்டி இருக்கேன்' என்றே சொல்ல வேண்டும். முன்னால் யாருக்கு, யார் சொல்கிறார்கள் என்று மட்டும். கடைசியில் ஓவர். சரி, இப்படிச் சொல்லக்கூடிய ஆள் யார் என்று கேட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன் கையைத் தூக்கினான்.

"நீயா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட தொனி எனக்கே இன்றும் காதில் இருக்கிறது. பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த தீபத்துக்கு அண்ணன் பாறை மேல் ஏறினான். பாய் தேரடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற செய்தியைக் குழாய் ஸ்பீக்கரில் சொல்கிற வேலையை எடுத்துக்கொண்டார். முதல் செய்தி எனக்கு இன்னும் மனப்பாடம். "தேரடி, அடி அண்ணாமலை சொல்றாங்க: ஊதா சட்டை, நாலு வயசு, காதுல கடுக்கன், பேர் கேட்டா சாமின்னு சொல்றான். ஓவர்." ஒரு திக்கல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. பாய் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். நான் பதில் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன். "தேரடி, அடி அண்ணாமலை சொல்றாங்க: கேட்டுச்சா, இல்லையா? ஓவர்" என்று தந்திக்காரரின் எரிச்சலையும் சேர்த்து அண்ணன் திருப்பிச் சொன்னபோதுதான் நினைவு வந்தது.

அதன் பிறகு மூன்று வருஷம் தீபம் என்றால் அண்ணனுக்குப் பாறைதான். புரட்டாசி பிறந்ததுமே மண்டியில் லீவு சொல்லிவைத்துவிடுவான். வெள்ளை வேட்டியைக் கஞ்சி போட்டு எடுத்து வைப்பான். பாறை மேல் அவனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கிண்டல் செய்வேன். காலையிலிருந்து சாயந்தரம் தீபம் ஏற்றுகிற வரைக்கும், எத்தனை பேருடைய சொல் அவன் வாய் வழியாகப் போயிருக்கும்! அம்மாவாக, அப்பாவாக, புருஷனைத் தேடுகிற பெண்டாட்டியாக, மிட்டாய் கேட்கிற பிள்ளையாக அவன் பேசியிருக்கிறான். பேட்டரி இறங்கி, தந்திக்காரர் குரல் கொசு ரீங்காரமாகத் தேய்ந்து போனாலும் செட்டைக் காதோடு அழுத்தி அண்ணன் பிடித்துவிடுவான். ஒரு முறை அடி அண்ணாமலையில் யாரோ தந்திக்காரரிடம், "பாறை மேல நிக்கிற சார் எந்தக் காலேஜ்ல புரபசரு?" என்று கேட்டார்களாம். அதைத் தந்திக்காரர் செய்தியாகவே அனுப்பினார். அண்ணன் அதையும் வரி மாறாமல் எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு ஓவர் போட்டான்.

பிறகுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

ஒரு கார்த்திகையில் நல்ல மழை. அண்ணன் நாள் முழுக்கப் பாறை மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, செட்டை நனையாமல் வைத்து, தான் தொப்பலாக நனைந்து நின்றான். மறுநாள் காய்ச்சல். நெஞ்சுச் சளி கட்டி இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தான். ராத்திரியும் பகலும் இருமிக்கொண்டே இருந்தான். அதே தீபத்துக்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு ரேடியோ நண்பர் எங்கள் ஏற்பாட்டைப் பார்த்து, "உங்க ரிப்பீட்டருக்குச் சோறு போடணுமா, பேட்டரி போடணுமா?" என்று கேட்டுச் சிரித்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் மேல் அக்கறை பாதி, அந்த ஆளின் சிரிப்பால் வந்த ரோஷம் பாதி. இன்று யோசித்தால் ரோஷம்தான் ஜாஸ்தியோ என்று தோன்றுகிறது.

மெட்ராஸில் பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற சந்து ஒன்றில், கம்மி விலைக்கு ரிப்பீட்டர் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். பாயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு பழைய வயர்லெஸ் செட்டுகளை ஒரே தகரப் பெட்டியில் முதுகோடு முதுகு வைத்து முடுக்கியிருந்தார்கள். ஒன்று கேட்கும், இன்னொன்று பேசும். பாய் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டீச்சரம்மா, வாயும் காதும் இவ்ளோ கிட்ட இருக்குதே. நடுவுல தடுப்பு ஒன்னு வேணுமே. ஃபில்டர் எங்கன்னு கேளுங்க."

"ஃபில்டர்லாம் பெரிய ஊருக்கு. உங்களுக்கு எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"அதானே?" என்றேன் நான். பிசிக்ஸ் டீச்சர்!

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாணாம்மா. பெட்டிக்காகச் சொல்லலை. அண்ணனைக் கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? மழையில நின்னு சாகட்டும்னு சொல்றீங்களா?" என்று சீறினேன். பாய் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வருகிற வரைக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் பெட்டியை வைத்தேன். "அண்ணா, இனிமே நீ நிக்க வேணாம். மெஷின் நிக்கும். நீ நிம்மதியா தீபம் பாரு" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா! அண்ணன் தோள் துண்டை எடுத்துப் பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துடைத்தான். "ந... ந... ந..." என்று ஆரம்பித்தான். தாடை இறுகியது. நான்தான் பொறுமை இல்லாத ஜென்மம் ஆயிற்றே. "நல்லதுதானே?" என்று எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் தலையாட்டினான். அவன் சொல்ல வந்தது என்ன என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் பாறையில் கம்பம் நட்டு, பெட்டியைக் கட்டி, லாரி பேட்டரி இணைத்தோம். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். சோதனைக்காக நான் தேரடியில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் ஏறினேன். பாய் அடி அண்ணாமலையில் ஒரு மெத்தை வீட்டு மாடியில் ஏறினார். இரண்டு செட்டிலும் புதுப் பேட்டரி. கால் மணி நேரம் பேசினோம். கண்ணாடி மாதிரி கேட்டது. "பாத்தீங்களா பாய்?" என்றேன். தீபத்தன்று நாங்கள் மாடியில் உட்காரப் போவதில்லை, கூட்டத்துக்கு நடுவில் தகரக் கொட்டகையில் தரை மட்டத்தில் உட்காரப் போகிறோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பேட்டரி இறங்கும் என்பதும்தான். நாலு வருஷமாக அதையெல்லாம் பார்த்துக்கொண்டது அண்ணனின் காது.

தீபத்தன்று அண்ணன் வழக்கம் போல மண்டிக்கு லீவு போட்டிருந்தான். கஞ்சி போட்ட வேட்டியும் கட்டியிருந்தான். "எங்கண்ணா போற?" என்றேன். கையால் பாறைப் பக்கம் காட்டி, பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சைகை செய்தான். பேட்டரியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடாமல் காவல் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பழைய செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

காலையில் பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பத்து மணிக்கு மேல் கூட்டம் ஏற ஏற, பேட்டரி இறங்க இறங்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. பேசுகிற செட் வாயைத் திறந்ததும் பக்கத்திலிருந்த கேட்கிற செட்டின் காது அடைத்துப் போகும். காது அடைத்ததும் வாய் மூடும். வாய் மூடியதும் காது திறக்கும். மறுபடி வாய் திறக்கும். தந்திக்காரர் பேசுவது எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? "ம... ம... மஞ்... ம... கவு... க... க..."

பாய் லவுட் ஸ்பீக்கர் மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, இந்தப் பொட்டி திக்குது" என்றார். அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சரளமாகப் பேசுகிறவனை இறக்கிவிட்டு, திக்குகிற மெஷினை ஏற்றி வைத்திருக்கிறேன்!

மதியம் இரண்டு மணி இருக்கும். கைக்குழந்தையோடு ஒரு பெண் எங்கள் மேஜைக்கு வந்தாள். மஞ்சள் கவுன் போட்ட ஆறு வயசுப் பெண்ணைக் காணோம், காலையிலிருந்து தேடுகிறேன் என்றாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. "மலைக்குப் பின்னால கெணறு குளம்லாம் இருக்குதுங்களே, டீச்சர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெட்டி 'மஞ்... மஞ்...' என்று திக்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் கவுன் அங்கே கிடைத்துவிட்டது என்கிறாரா, மஞ்சள் கவுன் யாராவது வந்தார்களா என்று கேட்கிறாரா? தெரியாமல் இந்தத் தாய்க்கு எதைச் சொல்வேன்? கத்திக் கத்திப் பார்த்தேன். செட்டை மேஜையில் தட்டினேன். பாறைக்கு ஆள் அனுப்பலாம் என்றால் அந்தக் கூட்டத்தில் சைக்கிள்கூட நுழையாது.

ஒன்றும் தோன்றாமல் செட்டின் திருகை முந்தின வருஷச் சேனலுக்குத் திருப்பினேன். அண்ணன் பாறையில் நின்ற காலத்துச் சேனல். அங்கே பேச்சு இல்லை. ஆனால் யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள். 'இஸ்' என்று ஒரு சத்தம், பிறகு மூச்சு, பிறகு பொத்தானை விடுகிறார்கள். மறுபடி அழுத்துகிறார்கள். மறுபடி மூச்சு மட்டும்.

பாய், "எவனோ பொத்தானை வெச்சு வெளையாடறான்" என்றார்.

அந்த மூச்சை எனக்குத் தெரியாதா? ஒரு சொல் வருவதற்கு முன்னால் என் அண்ணன் விடுகிற மூச்சு அது. பெட்டி செத்துவிட்டது என்று அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் நாங்கள் கத்துவது அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதே சேனலில் அவன் திருப்பிச் சொல்லியிருந்தாலும் பெட்டி அதையும் சேர்த்துக் குதறியிருக்கும். யாராவது இந்தப் பழைய சேனலுக்கு வந்து பார்ப்பார்கள் என்று, 'நான் இருக்கேன், சொல்லுங்க' என்று கூப்பிடத்தான் காலையிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறான். ஆனால் அது அவன் சொந்தச் சொல். திருப்பிச் சொல்ல யாரும் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

பொத்தானை அழுத்தினேன். "அண்ணா, நான் சொல்றதைச் சொல்லு: அடி அண்ணாமலை, பழைய சேனலுக்கு வாங்க. மஞ்சள் கவுன், ஆறு வயசு, அங்க இருக்குதா? ஓவர்."

வந்தது அந்தக் குரல். "அடி அண்ணாமலை, தேரடி சொல்றாங்க: பழைய சேனலுக்கு வாங்க. மஞ்சள் கவுன், ஆறு வயசு, அங்க இருக்குதா? ஓவர்." நாலைந்து முறை சலிக்காமல் அதையே சொன்னான். தந்திக்காரரும் எங்களைப் போலவே வெறுத்துப்போய்ச் சேனலைத் திருப்பியிருக்க வேண்டும். "தேரடி, அடி அண்ணாமலை சொல்றாங்க: காலையிலேர்ந்து அதைத்தான்யா கத்தறேன். புள்ள இங்கதான் இருக்குது. ஒன்னும் சாப்பிட மாட்டேங்குது. ஓவர்."

அந்தத் தாயிடம் செட்டைக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா இங்கதான்டி கண்ணு இருக்கேன், பயப்படாதடி, அந்தத் தாத்தா குடுக்குறதைச் சாப்புடுடி" என்றாள். அண்ணன் 'டி'யைக்கூட விடாமல், "அம்மா இங்கதான்டி கண்ணு இருக்கேன்" என்று திருப்பிச் சொன்னான். பதில் வந்தது: "தேரடி, அடி அண்ணாமலை சொல்றாங்க: போய்யா, நீ எங்கம்மா இல்ல. ஆம்பள. ஓவர்."

"எம் பொண்ணேதான்! இந்த வாய் அவளுக்குத்தான்!" என்று அந்தப் பெண் மேஜையில் கவிழ்ந்துகொண்டு அழுதாள், சிரித்தாள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயந்தரத்துக்குள் அண்ணன் வழியாக இன்னும் பல பேர் தங்கள் ஆட்களோடு சேர்ந்தார்கள். பெட்டியின் வயரை அவனே கழற்றிவிட்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். ஊரே அரோகரா போட்டது. கூட்டம் கலைய ஆரம்பித்த நேரம். செய்தி எதுவும் இல்லை. எனக்குள் நாள் முழுக்க முட்டிக்கொண்டிருந்ததை வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. திட்டத் தெரியும், இது எனக்கு வராது. அதனால் பொத்தானை அழுத்திச் சொன்னேன்.

"அண்ணா, நான் தப்புப் பண்ணிட்டேன். உன்னைக் கேக்காம உன் எடத்தைப் பிடுங்கிட்டேன். என்னை மன்னிச்சுடு. ஓவர்."

மூச்சு மட்டும் ஒரு முறை வந்து போனது. பிறகு பிசிறு இல்லாத குரலில் அண்ணன் பேசினான்.

"அடி அண்ணாமலை, தேரடி சொல்றாங்க: அண்ணா, நான் தப்புப் பண்ணிட்டேன். உன்னைக் கேக்காம உன் எடத்தைப் பிடுங்கிட்டேன். என்னை மன்னிச்சுடு. ஓவர்."

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, சட்டத்தை இதுக்குமா பாப்பான்!" என்று பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தந்திக்காரர் என்ன நினைத்திருப்பார்? காலையில் பெட்டியோடு மல்லாடிய கோபத்தில் இருந்த மனுஷர். அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்காது, நடுவில் மலை. பாறைக்குத்தான் கேட்கும்.

அண்ணன் அவசரப்படவில்லை. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, நிதானமாக, திக்காமல் எனக்குச் சொன்னான்.

"தேரடி, அடி அண்ணாமலை சொல்றாங்க: மன்னிச்சாச்சும்மா. மன்னிச்சாச்சு. ஓவர்."

எந்தச் சொல்லைத் தன் வாயால் எனக்குச் சொல்ல அவனால் முடியாதோ, அதை மலைக்கு அந்தப் பக்கம் ஆள் விட்டு வாங்கி வந்து கொடுத்தான் என் அண்ணன். நான் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். ஊர் முழுக்கக் கேட்டுவிடப் போகிறதே என்று பாய் ஓடிப் போய் மைக்கை அணைத்தார்.